முகூர்த்தப் பட்டு

“அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

துளசியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைத்தியலிங்கத்தைவிட வயதில் ரொம்பவே சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு. மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல், தாலுகா ஆபீஸ் பென்ஷனோடு இவரிடம் வந்து சேர்ந்தவர் வைத்தியலிங்கம்.

அந்த நாளில் மாயவரத்தில் துளசியம்மாள், கவனிக்க ஆளில்லாத நோயாளிகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். இல்லத்துக்குச் சோறு போட்டது கடைத்தெருவில் இருந்த தர்மக் கடை. ஊரார் கொடுக்கும் பழைய சாமான்களைக் குறைந்த விலைக்கு இல்லாதவர்களுக்கு விற்கும் கடை அது. கதவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை வரும். பேர் பொறித்த தாம்பாளங்கள், கூஜாக்கள், யார் யாரோ பிள்ளைகள் ஓட்டி முடித்த நடைவண்டிகள். கடை வைத்தியலிங்கத்தின் பொறுப்பு.

சித்திரை மாதம் அபயாம்பாள் என்ற வயதான அம்மாள் தன் முகூர்த்தப் பட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அரக்குச் சிவப்பு. கையகலக் கரையில் அன்ன வரிசை. பெரியவர்கள் எடுத்து வைத்ததை ஒதுக்கிவிட்டு மாப்பிள்ளையே தேர்ந்தெடுத்த புடவையாம். அந்தக் காலத்தில் அது பெரிய பேச்சாம். சீமந்தத்துக்கு ஒரு தடவை, தலை தீபாவளிக்கு ஒரு தடவை. அப்புறம் கட்ட மனசு வராமல் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “பட்டு வாங்க வழியில்லாத பொண்ணு யாராவது கட்டிக்கிட்டு மணையில உட்காரட்டும் தம்பி” என்றார்.

இப்போது வந்து, யார் கட்டினாள் என்று கேட்கிறார். போன வாரமும் கேட்டார்.

வைத்தியலிங்கம் அந்தப் புடவையைக் கும்பகோணத்து ஜரிகைக்காரர் ஒருவரிடம் போட்டிருந்தார். பழைய பட்டை எரித்து வெள்ளி எடுக்கிறவர். எந்த ஏழைப் பெண்ணாலும் கொடுக்க முடியாத விலையை அவர் கொடுத்தார். வந்த பணம் அப்படியே இல்லத்துக்குப் போயிற்று. மழைக்காலத்துக்குக் கம்பளி வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பைசாவைக்கூட வைத்தியலிங்கம் தொடவில்லை.

“செம்பனார்கோயில் பொண்ணு ஒருத்தி கட்டினான்னு சொல்லிடட்டுமா? அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்.”

“சொல்லலாமே. பொண்ணு பேரு என்ன?”

வைத்தியலிங்கம் யோசித்தார். “தேன்மொழி.”

“மாப்பிள்ளை?”

“லாரி ஓட்டறவர்.”

கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டார் துளசியம்மாள். கோயிலில் என்றார். புடவை எப்படி இருந்தது என்று கேட்டார். பொண்ணு நல்ல நிறம், அரக்கு எடுப்பாக இருந்தது என்றார். சொல்லச் சொல்ல வைத்தியலிங்கத்துக்கே உற்சாகம் வந்துவிட்டது.

“சரி. அடுத்த வருஷம் பிள்ளை பிறந்ததான்னு கேட்பாங்க. அதுக்கும் ஒரு பேர் யோசிச்சு வெச்சுக்குங்க.”



துளசியம்மாள் கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார். “கம்பளி எங்கேருந்து வந்துச்சுன்னு நானும் கேட்கல” என்றார். பிறகு, “புடவை எங்க போச்சோ, அங்க ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றார்.

மறுநாள் வைத்தியலிங்கம் கும்பகோணம் போனார்.

ஜரிகைக்காரர் நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்தார். அரக்குப் புடவை எப்போதோ எரிந்துவிட்டது என்றார். அன்றைக்கு வந்த இன்னொன்றைக் கொல்லைப்பக்கம் இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்தினார்.

மயிர் பொசுங்கும் நாற்றம். துணி சுருங்கிக் கறுத்துப் போயிற்று. ஜரிகை மட்டும் கொஞ்ச நேரம் கரை கலையாமல் சாம்பல் மேல் கிடந்தது. அதில் மாங்காய் மாங்காயாக வரிசை தெரிந்தது.

வைத்தியலிங்கத்துக்குத் தன் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. அக்கினியை வலம் வருகையில் பக்கத்தில் மொடமொடத்த புதுப் பட்டின் சத்தம். அவள் முகம் அன்றைக்குச் சரியாகத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டுக்கொண்டே வந்தது.

ஜரிகைக்காரர் குச்சியால் கிளறினார். வரிசை உதிர்ந்தது.

“இது யாரோடது?” என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

“அதையெல்லாம் நாங்க கேட்டுக்கறதில்ல சார்.”

அடுத்த வாரம் அபயாம்பாள் கடைக்கு வந்தார். இந்த முறை கையில் ஒரு பை. அவருடைய நாத்தனாரின் பட்டாம். அதையும் கொடுத்துவிடலாமென்று எடுத்து வந்திருந்தார்.

வைத்தியலிங்கம் அவருக்கு நாற்காலி போட்டார். தான் உட்காரவில்லை. புடவையை யாருக்கு விற்றார், அது என்ன ஆயிற்று, வந்த தொகையில் என்ன வாங்கினார்கள், எல்லாவற்றையும் சொன்னார். எரிந்ததையும் சொன்னார்.

அபயாம்பாள் வாசல் பக்கம் பார்த்தார். தெருவில் ஒரு பஸ் போய் மறைந்தது.

“எங்கேயாவது கல்யாண மேளம் கேட்டா, அங்க இருக்கும்னு நினைச்சுக்குவேன்” என்றார் கடைசியில்.

“தப்பு என்னோடதுதாம்மா.”

அவர் எழுந்தார். பையை மேஜைமேல் வைக்கப்போகிறார் என்று வைத்தியலிங்கம் நினைத்தார். அவர் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

“கொஞ்ச நாள் ஆகட்டும் தம்பி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வைத்தியலிங்கம் கடையைப் பூட்டிக்கொண்டு நேராக இல்லத்துக்குப் போனார். துளசியம்மாள் ஒரு நோயாளிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்லிவிட்டதாகவும், கொடுக்க வந்த புடவையையும் அந்த அம்மாள் திருப்பி எடுத்துப் போய்விட்டதாகவும் சொன்னார். இது ஊரில் பரவினால் இனி யார் கொடுப்பார்கள் என்று கேட்டார்.

“போறப்ப என்ன சொன்னாங்க?”

“கொஞ்ச நாள் ஆகட்டும்னாங்க.”

துளசியம்மாள் அடுத்த கரண்டியை ஊட்டி, நோயாளியின் வாயைத் துடைத்துவிட்டார்.

“அப்போ ஏன் கடையைப் பூட்டிட்டு வந்தீங்க?”