வளையல் ஏறாத கை

சோப்பு நுரை வழிய வழிய, கோமதியின் கையில் கண்ணாடி வளையலை அழுத்தி ஏற்றினாள் பொன்மாரி. "வலிக்கா மதினி? கொஞ்சம் பொறுத்துக்கோங்க." ஊரடங்கில் வளையல்காரர் வரவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட அளவிலேயே வாங்கியிருந்தார்கள், ஏறவில்லை.

"எங்க அண்ணன் ஊட்டுறதெல்லாம் கைக்குத்தான் போகுது போல."

வளைகாப்புக்கு வந்திருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள்.

பிறகு தலைவலி வந்தது. "கண்ணு முன்னால பூச்சி பறக்குது" என்றாள். கணவன் இசக்கிமுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. பக்கத்துத் தெருக்காரர் காலில் கட்டு மாற்ற அங்கே போய், கொரோனா தொற்றோடு திரும்பி இறந்திருந்தார். "வயித்துப்பிள்ளைக்காரிய அங்க கொண்டுபோய் விடவா?" என்றான்.

மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் நர்ஸ், யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்ற உத்தரவால் போனில் பேசினார். "காய்ச்சல், இருமல் இருக்காம்மா? வாசனை தெரியுதா?"

"காய்ச்சல் இல்லக்கா. வாசனை தெரியுது. தலைதான்..."

"அப்போ பயமில்ல. வெளிய மட்டும் வராத."

தலைவலி தாங்காமல் போனபோது ஆட்டோவில் கொண்டுபோனார்கள். டாக்டர் சோதனை முடிவு கேட்டார். முந்தின வாரம்தான் சோதிக்காமல் சேர்த்த ஒருத்தியால் பிரசவ வார்டு முழுக்கத் தொற்று பரவியிருந்தது. மாதிரி எடுத்தார்கள். ஆட்டோவிலேயே காத்திருந்தார்கள். முடிவு நல்லபடியாகவே வந்தது: தொற்று இல்லை. அதற்குள் கோமதிக்கு வலிப்பு வந்து, அடங்கி, எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையும் போயிற்று.

கணவன், நர்ஸ், டாக்டர். மூன்று பேருமே உயிரைக் காக்கத்தான் அப்படிச் செய்தார்கள். அப்படியானால் கோமதியை முதலில் தவறவிட்டது யார்?

விடை: மூவரும் இல்லை. அவர்கள் தேடியது தொற்றை. அவளைக் கொன்றது ரத்தக்கொதிப்பு. அது வளைகாப்பன்றே வீக்கமாக அவள் கையில் வந்து உட்கார்ந்திருந்தது. அன்று கூடியிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்துவிட்டு, சோப்பு போட்டார்கள்.

காரியத்தன்று வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் நுரைக்க நுரைக்கக் கை கழுவிவிட்டு உள்ளே போனார்கள். பொன்மாரி சோப்பைத் தொடாமல் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டாள்.