கடலில் உப்புப் போட்டவர் யார்?

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மலையும் ஆறும் கடலும் ஒன்றாய் வாய்த்த கரைசூழ் நாட்டைத் திருமேனியன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் யார் மேலாவது கோபப்படாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு மாதம், நிலா தேய்கிறதே என்று அரண்மனைச் சோதிடரைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கடலாடப் போய், அலை முகத்தில் அடித்ததில் ஒரு வாய் நீரை விழுங்கிவிட்டார். தூதூவென்று துப்பிக்கொண்டே கரைக்கு வந்தார்.

"வருஷம் முழுக்க என் ஆறு நல்ல தண்ணீரை இதில் கொண்டுவந்து கொட்டுகிறது. அதை உப்பாக்கிக் கெடுப்பவன் எவன்?"

பக்கத்தில் துண்டோடு நின்றவர் வல்லபராயர். ஆறு, வாய்க்கால், மதகு எல்லாவற்றுக்கும் அவர்தான் மேலதிகாரி. உப்பளத்துக்காரர்கள் மேல் அவருக்குத் தீராத எரிச்சல். ஒருமுறை, "செவ்வாய்க்கிழமைதோறும் மதகைத் திறந்து பாத்திக்குக் கடல்நீர் விடுக" என்று ஓலை அனுப்பினார். செவ்வாய்க்கிழமை திறந்தார்கள், ஒரு சொட்டு வரவில்லை. "ஐயா, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் கடல் இம்புட்டு தூரம் ஏறும். அதுக்கு உங்க ஓலை படிக்கத் தெரியாது" என்று உப்பளத்துத் தலைவி சடைச்சி சொல்ல, கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதில் கிடந்தது.

"அரசே, கரையில் மலை மலையாய் உப்பைக் குவித்து வைத்திருப்பவர்கள் யார்? கடலில் கொட்டுவது அவர்களாய்த்தான் இருக்கும்" என்றார் வல்லபராயர்.

ராஜாவுக்கு அது பளிச்சென்று புரிந்தது போலிருந்தது. தப்பான விஷயம் அவருக்கு எப்போதும் பளிச்சென்றுதான் புரியும். "கடலில் உப்புப் போடுபவர் ஒன்பதாம் நாள் இந்த நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்" என்று முரசு அறைந்தாயிற்று.

நாற்பது குடும்பம். உப்பளத்தை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. சடைச்சி நேரே சபைக்கு வந்தாள். வயிற்றில் பயம் இருந்தது, நாக்கில் இல்லை.

"ராசா, நாங்க கடல்ல இருந்து எடுக்கிறவங்க, போடுறவங்க இல்ல. போடுறது யாருன்னு எட்டு நாள்ல உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன். ஒரு புது அண்டாவும் அடுப்பும் போதும். அதுல ஆத்துத் தண்ணிய ஊத்தி ஊத்திக் காய்ச்சணும்."

"சூழ்ச்சி அரசே. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பிடி உப்பை உள்ளே போட்டுவிடுவாள்" என்றார் வல்லபராயர்.

"அப்ப ஐயாவே தண்ணி மொண்டு வரட்டும். ஐயாவே காவல் இருக்கட்டும். நான் அண்டா பக்கமே வரல."

வல்லபராயர் மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார். அரண்மனை முற்றத்தில் அடுப்பு மூண்டது. அவரே நடு ஆற்றில் இறங்கிக் குடம் குடமாய் மொண்டு வந்தார். ஒவ்வொரு குடத்தையும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கற்கண்டு" என்று சபைக்கே கேட்கும்படி சொல்லி ஊற்றினார். அண்டா சுண்டச் சுண்ட மறுபடியும் ஊற்றினார். எட்டு நாளில் அறுபது குடம். புகையில் கண் சிவந்து, தாடி பொசுங்கி, பட்டு வேட்டி கரி வேட்டி ஆயிற்று. ஆனாலும் ஒரு ஈயைக்கூட அவர் அண்டாப் பக்கம் அண்டவிடவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, தண்ணீர் முழுக்க வற்றியிருந்தது. ராஜா எட்டிப் பார்த்தார். அடியில் வெள்ளையாய் ஒரு பற்று. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"வல்லபராயரே, உப்புக் கரிக்கிறது. இதை யார் தொட்டது?"

"யாரும் தொடவில்லை அரசே. நான் கண்ணே மூடவில்லை" என்றார் அவர், பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

சடைச்சி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்ப ரெண்டுல ஒண்ணுதான் ராசா. இந்த உப்ப ஐயா போட்டிருக்கணும், இல்லன்னா ஆறு கொண்டு வந்திருக்கணும். எதுன்னு ஐயாவே சொல்லட்டும்."

சபை மொத்தமும் வல்லபராயரைப் பார்த்தது. தான் போட்டதாய்ச் சொன்னால், ராஜாவை ஏமாற்றிய குற்றத்துக்கு அவரே நாட்டைவிட்டுப் போக வேண்டும். "ஆறுதான் அரசே" என்றார், வாய்க்குள்ளேயே.

"மழை பெஞ்சு மலைப் பாறைய அரிச்சுட்டு வருது" என்றாள் சடைச்சி. "அதுல துளித் துளியா உப்பு கரைஞ்சு வரும். நாக்குக்குத் தெரியாது. எல்லாம் கடல்ல சேருது. வெயில் தண்ணிய மட்டும் ஆவியா எடுத்துக்கிட்டு உப்ப விட்டுட்டுப் போயிடுது. அந்தத் தண்ணிதான் மேகமாகித் திரும்ப மழையா பெய்யுது. உலகம் உண்டான நாள்லேருந்து அடுப்ப விட்டு இறக்காத அண்டா ராசா, கடலு. யாரும் கழுவினதும் இல்ல."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய முரசும் அடங்கிப்போயிற்று. உப்பளம் முழுவதையும் நாற்பது குடும்பத்துக்கும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு வல்லபராயரிடம் திரும்பினார்.

"ஆற்றுக்கு அதிகாரி நீர். உம் கண்ணெதிரில் உம் ஆறு இத்தனை காலமாய் என் மலையிலிருந்து உப்பைக் கடத்தியிருக்கிறது. கடலில் சேர்த்ததை முழுக்கத் திரும்ப அள்ளும்வரை இந்த அம்மாவிடம் வேலை பாரும்."

மறுநாள் பொசுங்கிய தாடியோடு உப்புப் பாத்தியில் இறங்கி நின்றார் வல்லபராயர். மதியத்துக்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

"அம்மா, முழுக்க அள்ளி முடிக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார், ரொம்பப் பணிவாக.

சடைச்சி அவர் கையில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்தாள்.

"ஆறு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குங்க ஐயா."