வளைவில் நின்ற வெள்ளைக் கல்

தென்கரை நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாலையில் வண்டி மோதி யார் செத்தாலும் அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கல் நடுவார்கள். அடிபட்டவர் வீட்டில் மாதக்கணக்காகக் கிடந்து செத்தாலும் கல் உண்டு. பிச்சையெடுத்துப் பிழைத்தவருக்கும் உண்டு. ஆண்டு முடிவில் புதுக் கற்களை எண்ணி அரசருக்குச் சொல்வார்கள்.

சாலை அமைச்சர் அமுதநம்பிக்கு அன்று அந்தக் கற்களின்மேல் கோபம் கோபமாக வந்தது. நரைத்த தலையும் வியர்த்த முகமுமாக, தன்னைவிட வயதில் எவ்வளவோ இளையவரான குரு தில்லையம்மையின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ன அமைச்சரே, முகம் சுண்டிப் போயிருக்கிறது?"

"மானம் கப்பலேறிவிட்டது தாயே. அண்டை நாடுகளின் சபையில் யார் சாலையில் சாவு குறைவு என்று வரிசைப்படுத்தினார்கள். நாங்கள்தான் கடைசி. வடகரை நாடு முதலிடம். அங்கே சாலையில் சாவது எங்கோ ஒருவர் இருவர்தான்."

"அதற்கு அரசர் என்ன சொல்கிறார்?"

"வடகரைச் சட்டத்தையே இங்கும் கொண்டுவரச் சொல்கிறார். வண்டி எவ்வளவு வேகமாகவும் போகலாம், நடப்பவர்தான் ஒதுங்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நாளைக்கு நான் முத்திரை வைக்க வேண்டும். மறுத்தால் பதவி போய்விடும்."

"வடகரையில் செத்தவர்களை எப்படி எண்ணுகிறார்கள்?"

"சாலையிலேயே உயிர் போனவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். அது அவர்கள் வழக்கம். அதில் என்ன இருக்கிறது?"

குரு எழுந்து வெளியே நடந்தார். அமைச்சர் பின்னாலேயே ஓடினார். ஆசிரமத்துக்கு வெளியே, சாலை வளைகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கல் நின்றது.

"இது யாருக்கு நட்டது?"

"பூக்காரி வஞ்சிக்கு. குதிரை வண்டி இடித்து இடுப்பு ஒடிந்துவிட்டது. ஒரு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள், பாவம்."

"அவள் வடகரைக்காரியாக இருந்திருந்தால்?"

"காய்ச்சலில் செத்தாள் என்றிருப்பார்கள்."

"அப்படியானால் பிடுங்குங்கள். இதைப் போன்ற கற்களையெல்லாம் பிடுங்கிவிட்டால் நாளைக்கே முதலிடம் உங்களுக்குத்தான்."

அமைச்சருக்கு ஆசை வந்தது. அதை மறைப்பானேன்? துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, குனிந்து கல்லைப் பிடித்தார். அப்போதுதான் சாலையோரத்தில் வெட்டிச் சரித்த மண்மேடு கண்ணில் பட்டது. முன்பெல்லாம் எதிரே வருகிற வண்டியை மறைத்து நின்ற மேடு அது. வஞ்சிக்குக் கல் நட்ட அன்றே ஊர் திரண்டு வந்து அதை வெட்டித் தள்ளியது. மண்வெட்டி பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு அந்த வளைவில் இன்னொரு கல் நட வேண்டி வரவே இல்லை.

அமைச்சர் கையை எடுத்தார். துண்டை அவிழ்த்துக் கல்லின் புழுதியைத் துடைத்தார்.

"பதவி போனால் போகட்டும் தாயே. முத்திரை வைக்க மாட்டேன்."

மறுநாள் அரசரை அந்த வளைவுக்கே கூட்டிவந்து, வடகரையார் எண்ணுகிற விதத்தையும் மேடு வெட்டிய கதையையும் சொன்னார். அரசர் கல்லைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், புதுச் சட்டம் எழுதிய ஓலையை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

அடுத்த சபையிலும் தென்கரைதான் கடைசி. ஆனால் சபைக்குப் போன அமைச்சர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு குருவின் முன்னால் நின்றார்.

"எழுந்து நின்று எங்கள் கற்கள் அத்தனையையும் சொன்னேன் தாயே. ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. இவ்வளவு பெருமையாக நான் என்றைக்கும் நின்றதில்லை. சபை கலைந்ததும் வடகரை அமைச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார், முதலிடம் வாங்கிய மனிதர்! அவருடைய தம்பி வண்டியில் அடிபட்டு, வீட்டில் கிடந்து செத்துப்போனானாம். உங்கள் ஊரில் வளைவுகளை எப்படிச் சரி செய்கிறீர்கள் என்று கேட்டார். மேட்டை எங்கே வெட்டுவது, மண்ணை எங்கே கொட்டுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்."

குரு தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடு இருக்கட்டும் அமைச்சரே. முதலில் அந்தத் தம்பிக்கு ஒரு கல் நடச் சொன்னீர்களா?"