சீப்புக்கு அடியில் ஒரு சீட்டு

கேட்பவர்களே, பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இந்தக் கதையில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள், என்னையும் சேர்த்துத்தான். நான் எந்த விவரத்தையும் ஒளிக்கப் போவதில்லை. காதைக் கொடுத்தால் போதும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் தங்கப்பழம். வயது முப்பத்திரண்டு. மாடி மாடியாக உயர்ந்த இடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளை இறக்குவான். ஊசி என்றால் மட்டும் பாதி உயிர் போய்விடும். போயும் போயும் அவனுக்குத்தான் இந்தச் சோதனை வந்தது.

அவன் ஹாஜராவை விரும்பினான். அவளுடைய வாப்பா சேகு உதுமான் துறைமுக வாசலில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் ஒரு நாள் இறங்கி வந்தார்.

"கலிமா சொல்லிட்டீங்க, தொழவும் வாறீங்க, சந்தோஷம். நிக்காஹுக்கு முந்தி சுன்னத்தையும் முடிச்சிரணும் மாப்ள."

அவர் வாயால் மாப்ள என்று கேட்ட குளிர்ச்சியில், "செஞ்சிருதேன் மாமா" என்று சொல்லிவிட்டான்.

வீட்டில் அம்மா செந்திக்கனி காத்திருந்தாள். உப்பளத்தில் உழைத்து அவனைத் தனியாக வளர்த்தவள். ஏழாம் மாதத்தில் பிறந்து, தேறாது என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளையை நெஞ்சுச் சூட்டிலேயே வைத்துப் பிழைக்க வைத்தவள். அவன் மதம் மாறியதற்கு அவள் சண்டை போடவில்லை.

"பேரை மாத்திக்க, சாமியை மாத்திக்க. நான் நெஞ்சுல வச்சுக் காப்பாத்துன உடம்புல மட்டும் கத்தி வைக்காத. என் தலையில கை வச்சுச் சொல்லு."

வைத்தான், சொன்னான். கோழை என்று நீங்கள் திட்டலாம். அம்மாவின் தலை கைக்கு அடியில் இருக்கும்போது வேறு என்ன சொல்ல வாய் வரும்?

ஒரு வாக்கைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில், அம்மாவுக்குத் தெரியாமல் முடித்துவிடுவது என்று துணிந்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனான். அன்று டாக்டர் இல்லை. முகப்பில் இருந்த பெண் தேதி போட்டு, "சுன்னத்து, பெரியவர்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய சீட்டைக் கொடுத்து அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

அதைச் சட்டைப் பையில் வைத்தவன் சுத்தமாக மறந்துபோனான். மறுநாள் ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், சட்டை துவைத்துக் கொடியில் காய்கிறது. நல்லவேளை, கண்ணாடிக்குக் கீழே அவனுடைய சீப்புக்கு அடியில் சீட்டு நனையாமல் கிடந்தது. தானே எடுத்து வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான். அம்மாவோ பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் டாக்டர் பரிசோதித்தார். அவர் முகம் மாறியது.

"ஒண்ணுக்குப் போறப்போ எரியுதா?"

"ஆறு மாசமா எரியுது சார். சூடுன்னு நினைச்சேன்."

சூடு இல்லை, சர்க்கரை. முந்நூறைத் தாண்டியிருந்தது. முன்தோல் புண்ணாகி இறுகிப் போயிருந்தது. "நீங்க எதுக்கு வந்திருந்தாலும் சரி, இதை எடுத்தே ஆகணும். விட்டா ஒரு நாள் சிறுநீர் அடைச்சுக்கும்" என்றார்.

வியாதி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. அம்மாவிடம், "டாக்டர் எடுக்கச் சொல்லிட்டாரும்மா" என்றான். பொய்யா? இல்லை. சேகு உதுமானிடம், "தேதி குறிச்சாச்சு மாமா" என்றான். அதுவும் பொய் இல்லை. அம்மா மட்டும் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கியது. அறுவைச் சிகிச்சை நாளும் வந்தது. அம்மா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் சேகு உதுமானும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். பச்சை அங்கியில் தள்ளுவண்டிப் படுக்கையில் இருந்த தங்கப்பழத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "சர்க்கரைப் புண் கேஸ்தான? நெருங்கின சொந்தம் யாராவது கையெழுத்துப் போடுங்க."

சேகு உதுமான் நிமிர்ந்தார். "புண்ணா? மருந்துக்குன்னா அது மருந்து மாப்ள. மார்க்கத்துக்காகன்னு மனசுல நிய்யத்து, அந்த எண்ணம், வச்சிருக்கணும். அது இல்லாம என் பிள்ளையை நான் எப்படித் தர?"

செந்திக்கனி பேனாவை வாங்கிவிட்டாள், எழுதவில்லை. மகனையே பார்த்தாள்.

"ஏல, டாக்டர் சொல்லாம இருந்திருந்தா செஞ்சிருப்பியா, மாட்டியா?"

மாட்டேன் என்றால் ஹாஜரா போய்விடுவாள். செஞ்சிருப்பேன் என்றால், தலையில் கை வைத்துச் சொன்னது பொய் என்று பெற்றவள் முகத்துக்கு நேரே சொன்னதாகும். அவள் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போனால், பிறகு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவான்? கத்திப் பயம்கூட மறந்துவிட்டது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இப்போது சொல்லுங்கள். தங்கப்பழம் என்ன பதில் சொல்வது சரி? அந்தத் தாய் எதற்காக அப்படிக் கேட்டாள்?

விடை: "செஞ்சிருப்பேன்" என்பதே சரி. சட்டை நனைந்தபோது பைக்குள் இருந்த சீட்டு எப்படி நனையாமல் தப்பியது? துவைத்தவள் பையைத் துழாவினாள், எழுத்துக் கூட்டி வாசித்தாள், சீப்புக்கு அடியில் வைத்தாள். டாக்டர் வாய் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அவளுக்கு எல்லாம் தெரியும். சத்தியம் முறிந்தது சீட்டு வாங்கிய அன்றே. அதற்கு அழ வேண்டியதை அவள் அன்றே அழுது முடித்துவிட்டாள். மகன் தன்னிடம் இரண்டாவது பொய்யும் சொல்வானா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தங்கப்பழம் இதையெல்லாம் கணக்குப் போடவில்லை. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை, "செஞ்சிருப்பேம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சேகு உதுமான் கேட்ட நிய்யத்தும் அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது. செந்திக்கனி ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்தைப் போட்டு முடித்தாள். "சீட்டைப் பார்த்த அன்னையிலருந்து, நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன்ல" என்றாள்.