வெள்ளருவியும் சூளைக்காரி கொற்றியும்

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே! வண்டிப் பாதையே இல்லாத அந்தக் காலத்தில், குன்றூரை இருங்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவ்வூரில் சுண்ணாம்புச் சூளை வைத்துப் பிழைத்தவள் கொற்றி.

அரசன் புது அரண்மனை கட்டினான். கொற்றியை அழைத்தான்.

"என் மகள் திருமணத்துக்குள் நாலு சுவரும் பால்போல் வெளுக்க வேண்டும். வெள்ளருவிப் பாறையை உடைத்துச் சுடு. தவறினால் உன் சூளையை இடித்துவிடுவேன்."

வெள்ளருவி, சுண்ணாம்புப் பாறையில் விழுகிற அருவி. கொற்றி சம்மட்டியோடு போனாள்.

முதல் நாள் ஓங்கினாள். பாறை இடுக்கிலிருந்து ஒரு நீர்நாய் சீறியது. அதன் வயிற்றடியில் கண் திறக்காத குட்டிகள். திரும்பிவிட்டாள்.

இரண்டாம் நாள் வேறு பக்கம் ஓங்கினாள். நீர்த்திரைக்குப் பின்னால் வரிசையாகக் குருவிக் கூடுகள். திரும்பிவிட்டாள்.

மூன்றாம் நாள், எந்த உயிரும் குடியிராத விளிம்பாகத் தேடிப் பிடித்தாள். அங்கே ஓர் அத்தியிலை ஒட்டிக் கிடந்தது. எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. பாதி இலை, பாதி கல். அருவி துளித்துளியாய்ச் சுண்ணம் படியவைத்து, தன் பாறையைத் தானே வளர்த்துக்கொண்டிருந்தது.

கொற்றிக்குத் தெரியும்: சூளை போனால் சோறு இல்லை. ஆனாலும் சம்மட்டி எழவில்லை.

ஆற்றோடு கீழே இறங்கி நடந்தாள். வற்றிய மடு ஒன்றில் உயிர் நீங்கிய கிளிஞ்சல்கள் குவிந்து கிடந்தன; அவற்றைச் சுட்டாலும் சுண்ணாம்புதான். கூடை கூடையாய்ச் சுமந்துவந்து சுட்டாள். மூன்று சுவருக்குத்தான் சுண்ணாம்பு தேறியது.

அரசன் கொதித்தான். "யாரைக் கேட்டுப் பாறையை விட்டாய்?"

"யாரையும் கேட்கவில்லை, அரசே. ஒருமுறை வந்து பாருங்கள். பார்த்த பிறகும் உடைக்கச் சொன்னால் உடைக்கிறேன்."

அரசன் வந்தான். குட்டிகளைப் பார்த்தான். கூடுகளைப் பார்த்தான். குனிந்து அந்த இலையைத் தடவிப் பார்த்தான்.

"இந்த விளிம்பு வளர எத்தனை காலம் ஆகும்?"

"உடைக்க எனக்கு ஒரு பொழுது போதும், அரசே. வளர நம் இருவர் ஆயுளும் சேர்ந்தாலும் போதாது."

அரசன் நிமிர்ந்து, "சூளை உனக்கே இருக்கட்டும். வீட்டுக்குப் போ" என்றான்.

மூன்று வெள்ளைச் சுவரும் ஒரு செங்கல் சுவருமாகத் திருமணம் நடந்தது. ஏன் இப்படி என்று கேட்ட விருந்தினரை, அரசன் தானே அருவிக்கு அழைத்துப் போனான்.

ஆகவே, மீண்டும் உண்டாக்க முடியாததை அழிக்கும் முன், வேறு வழியைத் தேடிப் பார்ப்பதே அறிவு.