மேலாடையில் உதிர்ந்த மிளகாய்ப் பூ

கரிசல்கோட்டையை வீரகேது என்றொரு ராசா ஆண்ட காலம் அது. மனுஷனுக்கு மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. அந்த வருஷம் வற்றல் வரத்து அடியோடு நின்றுபோனது. "குடியானவர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் அரசே, நிலத்தைப் பிடுங்கினால்தான் புத்தி வரும்" என்று ஓதினார் அரண்மனைத் தோட்ட அதிகாரி திருமேனியப்பன். யோசிக்காமல் தலையாட்டிவிட்டார் ராசா.

முதல் பலி சடச்சியின் நிலம். கோட்டைச் சுவரை ஒட்டிய ஒன்றரைக் குறுக்கப் புன்செய்; சுவருக்கு உள்பக்கம் அரண்மனைத் தோட்டம். இலை சுருண்டு, பூ கொட்டி, செடிகள் மொட்டையாக நின்றன. புருஷனை இழந்தவளுக்கு அதை விட்டால் கஞ்சிக்கு வழியில்லை. உச்சிப்பொழுதுக்குள் அளக்க ஆள் வந்துவிடும். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை அவளுக்கு. பூ மிஞ்சியிருந்த ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

சபையிலும் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ராசா கழுத்தைச் சொறிந்தார், புலவர் காதைச் சொறிந்தார். எல்லோர் கழுத்திலும் திருமேனியப்பன் தன் தோட்டத்துப் பூவில் கட்டிக் கொடுத்த மஞ்சள் பூமாலை. சொறிச்சலையும் மாலையையும் பார்த்ததும் சடச்சிக்குப் பொறி தட்டியது. ஆனால் அதிகாரி மேல் குற்றம் சொன்னால் நிலத்தோடு தலையும் போகும்.

"மகாராசா, நான் சோம்பேறியாவே இருந்துட்டுப் போறேன். அய்யா தோட்டம் மட்டும் எப்படிப் பூக்குதுன்னு கேக்கணும்" என்றாள்.

திருமேனியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆறு மாதம் முன்பு கப்பலிலிருந்து நானே இறக்கிய செடி. இந்த நாட்டில் வேறு எவரிடமும் கிடையாது."

"பூச்சி கீச்சி உண்டுங்களா?"

"என் செடியிலா? அண்டவே அண்டாது."

"அப்போ உங்க தோள்ல கிடக்கிற அந்த வெள்ளை மேலாடையைத் தரையில விரிங்க சாமி. வயல்ல நாங்க இப்படித்தான் பார்ப்போம்."

மிளகாய்ப் பூவை ஒரு ஓரத்தில் தட்டினாள். எள்ளைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் விழுந்து ஓடின. ராசாவின் மாலையிலிருந்து ஒரு பூவை வாங்கி மறு ஓரத்தில் தட்டினாள். அதே பூச்சி, இரண்டு பங்கு.

"எங்க ஊர்ப் பூச்சி எல்லாத்தையும் எனக்குத் தெரியும் மகாராசா. இது இந்த ஆறு மாசமாத்தான். கோட்டைச் சுவரோரம் முதல்ல அழிஞ்சுது, பிறகுதான் மத்த வயல். எங்கேருந்து வந்துதுன்னு நான் சொல்லலை. அய்யாவே சொல்லிட்டாங்க."

ராசா மாலையைக் கழற்றி வீசினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுடையதும்தான், தாயே. நிலம் உன்னுடையது. வேறென்ன வேண்டும், கேள்."

"அடுத்த பட்டத்துக்கு நல்ல நாற்று வேணும். பூச்சி பார்க்க ஒரு ஆளும் வேணும். அய்யாகிட்ட துணி இருக்கு."

சபையே வாய்விட்டுச் சிரித்தது. திருமேனியப்பன் மஞ்சள் செடிகளைத் தன் கையாலேயே பிடுங்கிக் கொளுத்தினார். புது நாற்று பூத்த பிறகு தினமும் காலையில் வயலுக்கு வந்து, மேலாடையை விரித்து, செடி செடியாகத் தட்டினார். நடுவில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தால், வரப்பிலிருந்து சடச்சி மரியாதை குறையாமல் சொல்வாள்:

"இன்னும் நாலு வரிசை கிடக்கு சாமி. குனிங்க."