வெட்டிமங்கலத்துக் கணினிக்குச் சூடு போட்ட வரலாறு

மாட்டுக்கு மட்டுமே சூடு போடுவார்கள் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புவது வருந்தத்தக்கது. கணினிக்கும் போடலாம். வெட்டிமங்கலம் கால்நடைப் பதிவு அலுவலகத்தில் போட்டார்கள். இடது பக்கம், எண் 4471.

நடந்தது இதுதான். தலைமையகம் ஒரு பென் டிரைவில் புது மென்பொருளை அனுப்பி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்து லினக்ஸ் கணினியில் நிறுவச் சொன்னது. நிறுவாத அலுவலகம் மூடப்படும். ஊழியர்கள் பக்கத்து அலுவலகத்துக்கு மாற்றப்படுவார்கள். பக்கத்து அலுவலகம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கொழுமேட்டில் இருந்தது. கண்காணிப்பாளர் சபாரத்தினத்துக்குப் பஸ் என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும்.

உடன் வந்த தாளை எழுத்தர் மாசிலாமணி உரக்கப் படித்தார்: "இது மூன்றாம் தரப்பு மென்பொருள். ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் சூடோ போடவும்."

சூடோ என்பது, 'சொல்வது அதிகாரி' என்று கணினிக்கு உணர்த்தத் தட்டும் நாலெழுத்து ஆங்கிலச் சொல். அங்கே யாருக்கும் இது தெரியாது. இருபது வருடமாக மாடுகளுக்குச் சூடு போட்டவர்களுக்கு அது வெறும் எழுத்துப்பிழையாகப் பட்டது.

"சூடுன்னு ஒழுங்கா எழுதத் தெரியலை பாருங்க சார்," என்றார் தட்டச்சர் பூங்கோதை.

"அது கிடக்கட்டும்மா. எங்கே போடுறது?" என்றார் சபாரத்தினம்.

"விதிப்படி இடது பின்தொடையில சார்," என்றார் மாசிலாமணி.

"இதுக்குத் தொடை எங்கேய்யா இருக்கு?"

இதை மூவரும் முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். வால் புறப்படும் இடம்தான் பின்புறம் என்று பூங்கோதை வயரைத் தூக்கிக் காட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. மாசிலாமணி இரும்பைப் பழுக்கக் காய்ச்சினார். சபாரத்தினம் கணினியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அது துள்ளவில்லை.

"சாது," என்றார்.

பிறகு கட்டளையைத் தட்டினார்கள். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்தது.

"கோபம் இருக்காதா சார்? மஞ்சள் பத்துப் போடுவோம்," என்றார் பூங்கோதை.

போட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் என்று தாளில் இருந்ததால் மறுபடி சூடும் போட்டார்கள், எண் 4472. அனுமதி மறுபடி மறுக்கப்பட்டது.

தாளின் முதல் வரியை மாசிலாமணிதான் அப்போது கவனித்தார். "மூன்றாம் தரப்பு சார்! தேர்ட் பார்ட்டி! என் பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான். மரத்துல மோதினேன், ஒண்ணும் தரமாட்டேன்னுட்டான். அது அடுத்தவன் வண்டிக்குத்தானாம்."

"அப்போ இந்த மென்பொருள்?"

"அடுத்தவன் கணினிக்கு சார்."

சபாரத்தினம் கண் கலங்கினார். "இது தெரியாம ஒரு வாயில்லா ஜீவனை ரெண்டு தடவை..."

வெள்ளிக்கிழமை காலை மூவரும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, அடுத்தவன் கணினி தேடிக் கொழுமேட்டுக்குப் பஸ் ஏறினார்கள். வழியில் சபாரத்தினம் நான்கு முறை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "இந்த ஒரு தடவைதானே. அப்புறம் ஆயுசுக்கும் பஸ் ஏற வேண்டாம்," என்று ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கொழுமேட்டு எழுத்தர் இருதயராஜ் அவர்களைக் கண்டு மகிழ்ந்துபோனார். "எங்களுக்கு வந்த டிரைவ் திறக்கவே இல்லை சார். கடவுள் மாதிரி வந்தீங்க." சூடோ தட்டத் தெரிந்தவராதலால் இரண்டே நிமிடத்தில் நிறுவி முடித்தார். "பேர் கேக்கும். ஆபீஸ் பேரைத் தட்டி அனுப்பிடுங்க. நான் டீ சொல்லிட்டு வர்றேன்."

கணினி பேர் கேட்டது. சபாரத்தினம் பொய் சொல்லிப் பழகாதவர். 'வெட்டிமங்கலம்' என்று தட்டி அனுப்பினார்.

எதையும் தீர விசாரித்தே செய்யும் தலைமையகத்திலிருந்து திங்கட்கிழமை இரண்டு உத்தரவுகள் வந்தன. மென்பொருள் நிறுவாத கொழுமேட்டு அலுவலகம் மூடப்பட்டு, அதன் ஊழியர்கள் வெட்டிமங்கலத்துக்கு மாற்றப்பட்டார்கள். வெட்டிமங்கலத்தின் மென்பொருள் கொழுமேட்டில் இருப்பதால், அதை இயக்க வெட்டிமங்கலத்து ஊழியர்கள் தினமும் அங்கே போக வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு இரண்டு பஸ்களும் நடுவழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. மாசிலாமணியும் பூங்கோதையும் கையசைக்கிறார்கள். சபாரத்தினம் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார். கொழுமேட்டுக்காரர்கள் சன்னல்களை மூடிக்கொள்கிறார்கள்.